ஊர் மலையை வச்சு இசை விழா போஸ்டர் பண்றது எப்படி

இசை விழா போஸ்டர்னு சொன்ன உடனே நம்மாளுங்க போடுறது என்னன்னா ஒரு கிடார், சுத்தி நாலு மியூசிக் நோட், பின்னாடி வயலெட் கலர்ல லேசர் லைட். விழா நடக்கப்போறது மதுரை ஒத்தக்கடைப் பக்கம் ஒரு ஸ்கூல் கிரவுண்டுல, வாசிக்கப்போறது பறையும் உறுமியும் நாதஸ்வரமும் தவிலும், ஆனா போஸ்டர்ல ஊர் பேரை மட்டும் அழிச்சுட்டா அதைக் கோயம்புத்தூர்லயும் ஒட்டலாம் கொச்சியிலயும் ஒட்டலாம். ஊர்க்காரன் கண்ணுல மாட்டணும்னா அவன் தினம் பாக்குற நிலம் அதுல இருக்கணும், அதுவும் மொத்த நிலமும் வேண்டாம், ஒரு கோடும் ஒரு பொழுதும் போதும். அந்த நிலத்தோட ஒரே ஒரு அவுட்லைன், அது மேல விழுற ஒரு நேரத்து வெளிச்சம், அவ்வளவுதான். இந்த ரெண்டையும் முடிவு பண்ணாம கம்ப்யூட்டரை ஆன் பண்ணாதீங்க.

பொத்தாம்பொதுவா சொன்னா ஒண்ணும் புரியாது, அதனால மதுரையை வச்சே சொல்றேன். போஸ்டருக்குன்னே பேர் போன ஊரு. கல்யாணம், காதுகுத்து, கட்சி மாநாடு, கண்ணீர் அஞ்சலின்னு எல்லாத்துக்கும் சுவர் நிறைய ஒட்டுற ஊர்ல உங்க போஸ்டரை பைக்ல போறவன் ரெண்டு செகண்ட் திரும்பிப் பாத்தாலே பெரிய விஷயம். மேலூர் ரோட்டுப் பக்கம் ஒரு நாள் நாட்டுப்புற இசை விழா, சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பம்னு வச்சுக்குவோம். வேற ஊர்க்காரங்க மலைக்குப் பதிலா உங்க ஊர் அணைக்கட்டு, உப்பளம், தேரிக்காடு எதையாவது போட்டுப் படிச்சுக்கங்க.

எந்தக் கோடு?

மதுரையைச் சுத்தி மலைக்குப் பஞ்சமே இல்ல. மேற்க நாகமலை நீட்டமா ஓடும், பசுமலை இருக்கு, கீழக்குயில்குடியில சமணர் மலை, தெக்க திருப்பரங்குன்றம், வடக்க அழகர்மலை, மேலூர் ரோட்டுல யானைமலை. இதுல எதை எடுக்கறதுங்கிறதுக்கு ஒரு லேசான டெஸ்ட் இருக்கு. மலையோட மேல்விளிம்பை மட்டும் ஒரு பேப்பர்ல ஸ்கெட்ச் பேனாவால ஒரே கோடா இழுங்க, நிழல் கிழல் எதுவும் போடாதீங்க, பேரும் எழுதாதீங்க. டீக்கடையில யாருகிட்டயாவது காட்டுங்க. "இது நம்ம யானைமலைல்ல"ன்னு பட்டுனு வந்துச்சுன்னா அந்தக் கோடு போஸ்டருக்கு ஆகும். "ஏதோ மலை மாதிரி இருக்கு"ன்னு இழுத்தா ஆகாது. அழகர்மலை எவ்வளவு பெரிய மலை, எவ்வளவு அழகு, ஆனா கோடா இழுத்துப் பாருங்க, எந்த ஊர் மலைத்தொடரா வேணா இருக்கலாம். யானைமலைக்கு அந்தப் பிரச்சனையே கிடையாது, தும்பிக்கையை முன்னாடி நீட்டிப் படுத்திருக்கிற யானை, பாத்தாலே தெரியும். அது இன்னிக்கு நேத்து வந்த பார்வை இல்ல, அங்க சமணர் படுக்கை மேல இருக்கிற ஏறக்குறைய ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின தமிழ் பிராமி கல்வெட்டுலயே அந்தக் குன்றை யானைக் குன்றுன்னுதான் எழுதி வச்சிருக்காங்க. ரெண்டாயிரம் வருஷமா ஓடிட்டிருக்கிற லோகோவை விட்டுட்டு நீங்க புதுசா ஒண்ணு கண்டுபிடிக்கப் போறீங்களா என்ன.

கமிட்டியில கண்டிப்பா ஒருத்தர் "மீனாட்சி அம்மன் கோபுரம் போடுங்க தம்பி"ம்பார், இன்னொருத்தர் ஜல்லிக்கட்டுக் காளை கேப்பார், மூணாவது ஆளு வைகை ஆறும் தெப்பக்குளமும் ஓரமா வந்தா நல்லாருக்கும்பார். கோபுரம் லாட்ஜ் போர்டுல இருந்து கோச்சிங் சென்டர் நோட்டீஸ் வரைக்கும் எல்லாத்துலயும் இருக்கு, அதனால கண்ணு அதைப் பாக்காமலே தாண்டிப் போயிரும். எல்லாம் போட்டா எதுவும் நிக்காது. சண்டை போடாதீங்க, ஒரு கோட்டு ஸ்கெட்ச் ஒண்ணு, எல்லாம் போட்ட ஸ்கெட்ச் ஒண்ணு, ரெண்டையும் போன்ல ஸ்டாம்ப் சைஸுக்குச் சுருக்கிக் காட்டுங்க, அவங்களே சொல்லிருவாங்க.

இன்னொரு விஷயம், நிலத்தை எடுக்கிறப்ப அந்த நிலத்தோட கதையையும் தெரிஞ்சு வச்சுக்கங்க. யானைமலையில 2010 வாக்குல சிற்ப நகரம் அமைக்கிறோம்னு கிளம்பினப்ப நரசிங்கம், ஒத்தக்கடை ஊர் மக்கள் எதிர்த்து நின்னு அது நின்னுச்சு. அதே ரோட்டுல இன்னும் வடக்க அரிட்டாபட்டி, 2022ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம்னு அறிவிச்ச இடம், அங்க டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகுதுன்னு 2024 கடைசியில மேலூர் வட்டாரமே தெருவுக்கு வந்துச்சு, 2025 ஜனவரியில ஏலத்தை ரத்து பண்ணாங்க. அப்ப இந்தப் பக்கத்துல ஒரு மலையோட கோட்டைப் பெருசா போட்டு ஒட்டினா ஜனங்க அதைச் சும்மா பேக்ரவுண்டா பாக்க மாட்டாங்க, எங்க மலைன்னு பாப்பாங்க. உங்க விழாவுக்கு அது நல்லதுதான். ஆனா அதே மலைப் படத்துக்குக் கீழ ஒரு கிரானைட் கம்பெனி ஸ்பான்சர் லோகோ வந்துச்சுன்னா என்ன ஆகும்னு யோசிச்சுக்கங்க.

போய்ப் பாக்கணும்

கூகுள்ல தேடி முதல்ல வர்ற ட்ரோன் போட்டோவை ட்ரேஸ் பண்ணாதீங்க. அடுத்தவங்க போட்டோங்கிறது ஒரு பக்கம், அதை விட முக்கியம், ட்ரோன் பாக்குற கோணத்துல ஊர்ல யாருமே மலையைப் பாத்தது இல்ல. பஸ்ல ஜன்னலோரம் உக்காந்தவன், பைக்ல போறவன், வயல்ல நிக்கிறவன் பாக்குற உயரம்தான் உங்களுக்கு வேணும். ரோட்டோரம் நின்னு கண்ணு மட்டத்துல போன்ல எடுங்க, அதுவும் ஜூம் பண்ணி எடுங்க, வைட்ல எடுத்தா மலை சுருங்கி ரோடுதான் பெருசாத் தெரியும். காலையில ஒருக்கா, உச்சி வெயில்ல ஒருக்கா, பொழுது சாயறப்ப ஒருக்கா. மழை பெஞ்சு விட்ட நாள் கிடைச்சா விட்டுறாதீங்க.

கிட்டப் போனா பாறையில மேல இருந்து கீழ வரைக்கும் கறுப்பு கறுப்பா வரி வரியா இறங்கியிருக்கும் பாருங்க, மழைத் தண்ணி வழக்கமா வழியிற தடத்துல பாசி படிஞ்சு காய்ஞ்சது அது. ஒரே சீரா இருக்காது, ஒரு இடத்துல நெருக்கமா நாலஞ்சு வரி, அப்புறம் வெறும் பாறை, அப்புறம் தடிச்சு ஒண்ணு, பக்கத்துலயே மெல்லிசா ரெண்டு. இதைக் கொஞ்சம் நேரம் பாத்தீங்கன்னா தாளம் எழுதி வச்ச மாதிரியே தெரியும். போஸ்டர்ல மலையை வெறும் ஃபிளாட் கலரா விடாம இந்த வரிகளை மட்டும் அப்படியே எடுத்துப் போடலாம், இசைன்னு சொல்றதுக்குத் தனியா ஒரு நோட்டுச் சின்னம் தேவைப்படாது. மலை அடிவாரத்துல பனை, புளியமரம், தென்னந்தோப்பு, நடுவுல கரண்ட் கம்பி. கரண்ட் கம்பியில குருவி உக்காந்திருக்கிறதை மியூசிக் நோட்டா மாத்துற ஐடியா எல்லாருக்கும் ஒரு தடவை வரும், உங்களுக்கும் வரும், விட்டுருங்க.

எந்தப் பொழுது?

நம்ம பழைய ஆளுங்க இந்த விஷயத்துல பயங்கரத் தெளிவு. தொல்காப்பியத்துல ஒவ்வொரு நிலத்துக்கும் கருப்பொருள்னு ஒரு பட்டியல் வருது இல்ல, தெய்வம், சாப்பாடு, விலங்கு, மரம், பறவை, அதுலயே பறையும் யாழும் இருக்கு. அதாவது இன்ன நிலத்துக்கு இன்ன கொட்டு, இன்ன நரம்பிசைன்னு பிரிச்சே வச்சிருக்காங்க. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்துக்கு மணமுழவும் நெல்லரிகிணையும், நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடின்னு பின்னால வந்த நூல்கள் விரிச்சுச் சொல்லும். கூடவே ஒவ்வொண்ணுக்கும் ஒரு பொழுது, குறிஞ்சிக்கு யாமம், முல்லைக்கு மாலை, மருதத்துக்கு விடியக்காலம், நெய்தலுக்குப் பொழுது சாயற நேரம், பாலைக்கு நடுப்பகல். நிலம், இசை, நேரம் மூணும் ஒரே கட்டு. கலர் பேலட் எங்க இருந்து எடுக்கறதுன்னு முழிக்கிறவங்களுக்கு இதை விட ஒரு ஃபார்முலா கிடைக்காது, உங்க நிலம் எதுன்னு பாருங்க, அதோட பொழுதுல வானம் என்ன கலர்ல இருக்கும்னு பாருங்க, முடிஞ்சுது.

ஆனா அதையே கண்ணை மூடிட்டுப் பிடிச்சுக்க வேண்டாம். யானைமலை பாக்க மலைதான், ஆனா சுத்தியும் பெரியாறு பாசனத்துல நெல்லு விளையிற பூமி, இலக்கணப்படி போனா மருதம், விடியக்காலை வெளிச்சம் போடணும். நம்ம விழாவோ சாயங்காலம் ஆறு மணிக்கு. என்னைக் கேட்டா போஸ்டர்ல இருக்கிற வெளிச்சம் ஜனங்க விழாவுக்குக் கிளம்பி வர்ற நேரத்து வெளிச்சமா இருக்கணும். பாத்த உடனே சாயங்காலம்னு மண்டைக்குள்ள ஏறிரும், நேரத்தைத் தனியா படிக்க வேண்டியதில்ல. காலையில நடக்கிற கச்சேரின்னா மருதத்தையே பிடிச்சுக்கங்க.

கலர் எடுக்கிறப்ப உங்க போட்டோவுல ஐட்ராப்பரை (படத்துல இருந்து கலரை உறிஞ்சுற டூல்) வச்சு நேரா எடுத்தீங்கன்னா எல்லாம் சாம்பலும் மண்ணுமாத்தான் வரும், கேமரா அப்படித்தான் பாக்கும். அதைக் கொஞ்சம் தூக்கணும். சாயங்கால யானைமலைக்கு நான் போடுறதுன்னா அடிவானத்துக்கு சிஎம்ஒய்கேல (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்புன்னு நாலு அச்சு மையோட சதவீதம்) 0-35-55-0, மேல போகப் போக 0-60-85-0, மலைக்கு 55-75-55-35, முன்னாடி தரைக்கும் பனைமரத்துக்கும் 70-80-70-80. தூரத்துல இருக்கறது வெளுத்து, கிட்ட இருக்கறது கறுத்து, இந்த ஒரு விதியை மாத்தாம இருந்தா மூணே மூணு லேயர்ல ஆழம் வந்துரும். கடைசியா சொன்ன கலர்ல நாலு மையையும் கூட்டினா 300 வரும், அதுக்கு மேல போகாதீங்க, மை காயாம அடுத்த தாள் முதுகுல ஒட்டிக்கும்.

ஆரம்பத்துலயே டாக்குமென்டை சிஎம்ஒய்கேல திறந்துருங்க. ஸ்கிரீன்ல ஆர்ஜிபியில பளபளன்னு எரியிற ஆரஞ்சும் நீலமும் பிரஸ்ல போனா மங்கிரும், அப்புறம் பிரஸ்காரரைத் திட்டிப் புண்ணியமில்ல.

படுத்த மலை, நின்ன தாள்

இதுதான் இந்த வேலையில கஷ்டமான இடம், இங்கதான் நேரம் செலவழிக்கணும். நிலம்னாலே படுக்கைவாட்டு சமாச்சாரம், மலை நீளமா கிடக்கு, ஆறு நீளமா ஓடுது, கடலும் அப்படித்தான். போஸ்டரோ நின்னுட்டு இருக்கு. டபுள் கிரவுன்னா 20க்கு 30 இன்ச், டபுள் டெமின்னா 23க்கு 36. முழு யானைமலையையும் அகலத்துக்குள்ள அடக்கினா தாளோட நடுவுல ஒரு பல்லி படுத்திருக்கிற சைஸுக்கு வந்துரும், மேலயும் கீழயும் காலி, அந்தக் காலியை நிரப்பத்தான் ஆளுங்க பறவை, பட்டம், மேகம்னு போட்டு நாசம் பண்றாங்க.

இதுக்கு மூணு வழி இருக்கு. முதல் வழி வெட்டுறது. மலை முழுசா தெரியணும்னு யாரும் கேக்கல. மத்தகமும் (யானையோட நெத்தி மேடு) தும்பிக்கை இறங்குற சரிவும் மட்டும் எடுத்து, முதுகை தாளோட ஓரத்துக்கு வெளிய தள்ளிருங்க. சரிவு ஒரு மூலையில இருந்து இன்னொரு மூலைக்கு இறங்கினா அந்தக் கோடு தாளோட உயரத்தையே பயன்படுத்திக்கும், மேல மிச்சமாகிற வானத்துல தலைப்பு உக்காரும். பாதி யானைதான் தெரியுதேன்னு கவலைப்படாதீங்க, ஊர்க்காரனுக்கு மீதி தெரியும்.

ரெண்டாவது வழி மலையைக் கீழ மூணுல ஒரு பங்குல படுக்கப் போட்டு, மேல இருக்கிற வானம் முழுசையும் எழுத்துக்குக் குடுக்கிறது. இதுல எழுத்துதான் ஹீரோ, அதனால தலைப்பு எழுத்து பலமா இருந்தாத்தான் எடுபடும்.

மூணாவது வழி எனக்கு ரொம்பப் பிடிச்சது, மதுரைச் சுவருக்குன்னே செஞ்ச மாதிரி. சினிமா போஸ்டர்ல நாலு தாள் ஆறு தாள் சேத்து ஒட்டுறாங்க இல்ல, அதே மாதிரி ரெண்டு தாளைப் பக்கத்துல பக்கத்துல ஒட்டுறாப்புல டிசைன் பண்ணுங்க. இடது தாள்ல முதுகு, வலது தாள்ல தலையும் தும்பிக்கையும். ஒவ்வொரு தாள்லயும் தேதி, இடம் தனியா இருக்கணும், ஏன்னா சுவர்ல இடம் கிடைக்காத இடத்துல ஒரே தாளைத்தான் ஒட்டுவாங்க, ஒட்டுற ஆளு ராத்திரி ரெண்டு மணிக்கு உங்க கான்செப்டை எல்லாம் யோசிச்சுட்டு இருக்க மாட்டாரு. கோடு ஒரு தாள்ல இருந்து அடுத்ததுக்குப் போற இடத்துல சரிவு ரொம்பச் செங்குத்தா இல்லாமப் பாத்துக்கங்க, ஒட்டுறப்ப அரை இன்ச் ஏறக்குறைய ஆனாலும் கண்ணு மன்னிச்சுரும்.

ட்ரேஸ் பண்றதுக்கு இங்க்ஸ்கேப் போதும், காசு கிடையாது. இல்லஸ்ட்ரேட்டர், கோரல்ட்ரா இருந்தா அதுல பண்ணுங்க. பென் டூல்ல புள்ளியைக் கம்மியா வைங்க. ஆட்டோ ட்ரேஸ் போட்டா ஆயிரம் புள்ளி வந்து விளிம்பு எல்லாம் பிசிறு பிசிறா நிக்கும், பாறையோட அந்த வழவழப்பு போயிரும். அதுக்காக ரொம்ப வழவழன்னும் ஆக்கிறாதீங்க, மத்தகத்துக்கும் முதுகுக்கும் நடுவுல இருக்கிற பள்ளம், அங்கங்க இருக்கிற சின்ன உடைசல், இதெல்லாம் இருந்தாத்தான் அது அந்த மலை, இல்லாட்டி கார்ட்டூன் யானை.

பறை எங்க வரும்?

மலைக்குப் பின்னாடி இறங்குற சூரியனைப் பறையா மாத்துறது முதல்ல தோணுற ஐடியா. முதல்ல தோணினதாலேயே அது தப்பு கிடையாது, அரைகுறையா பண்ணினாத்தான் தப்பு. ஆரஞ்சு வட்டம் போட்டு ரெண்டு குச்சி வச்சுட்டு பறைன்னு சொன்னா வாசிக்கிறவங்க சிரிப்பாங்க. நேர்ல ஒரு பறையை வாங்கிக் கையில வச்சுப் பாருங்க. சுத்துக் கட்டை ஒரே வளையமா இருக்காது, மூணு மரத்துண்டை வளைவா செதுக்கிச் சேத்திருப்பாங்க, சேர்ற இடத்துல இரும்புத் தகடு அடிச்சிருக்கும். தோலு ஒரே கலர்ல இருக்காது, நடுவுல அடி வாங்கி வாங்கி வெளுத்திருக்கும், ஓரம் கறுப்பேறியிருக்கும். குச்சியும் ரெண்டும் ஒண்ணு இல்ல, ஒரு கையில குட்டையா தடிப்பா அடிக்குச்சி, இன்னொரு கையில நீளமா மெல்லிசா மூங்கில்ல சுண்டுக்குச்சி. இந்த மூணு விவரமும் சரியா வந்துச்சுன்னா அந்தச் சூரியன் நிஜமாவே பறைதான்.

இன்னும் ஒண்ணு, வாசிக்கிறதுக்கு முன்னாடி பறையைத் தீயில காட்டிக் காய வைப்பாங்க, வைக்கோல், சருகு எது கிடைக்குதோ அதைக் கொளுத்தி, தோலு விறைக்க விறைக்க தட்டித் தட்டிப் பாப்பாங்க. அந்த நேரத்துல வாசிக்கிறவங்க முகத்துல வெளிச்சம் கீழ இருந்து மேல அடிக்கும். போஸ்டர்ல மனுஷங்க வேணும்னு கமிட்டி பிடிவாதம் பிடிச்சா மேடையில மைக் முன்னாடி நிக்கிற போட்டோவுக்குப் பதிலா இந்தக் காட்சியைப் போடுங்க, மலையடிவாரத்துல சின்னதா ஒரு தீ, சுத்தி நாலு பேரு, மேல மலையோட இருட்டு. வானத்துல இருக்கிற ஆரஞ்சும் தீயோட ஆரஞ்சும் ஒரே மைதான், தனிக் கலர் செலவும் கிடையாது. வாசிக்கிற குழுவோட நிஜ ஆட்களை அடையாளம் தெரியுற மாதிரி வரையறதா இருந்தா அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க, வரைஞ்சதைக் காட்டவும் செய்ங்க, பிடியில ஏதாவது தப்பு இருந்தா அவங்கதான் கண்டுபிடிப்பாங்க.

எழுத்து

தமிழ் எழுத்துல ரெண்டு சங்கடம். ஒண்ணு வார்த்தை நீளம், "நாட்டுப்புற இசைத் திருவிழா"ன்னு எழுதினாலே அகலம் காலி. இன்னொண்ணு மேல வளைவும் கீழ சுழியும், கி, கீ மேல ஏறும், கு, மூ கீழ இறங்கும். இங்கிலீஷ் போஸ்டர் மாதிரி வரிகளை நெருக்கி அடுக்கினா மேல் வரியோட சுழியும் கீழ் வரியோட வளைவும் முட்டிக்கும். எழுத்து சைஸைப் போல ஒண்ணரை மடங்கு வரி இடைவெளியில ஆரம்பிங்க, அப்புறம் கண்ணால பாத்துக் குறைங்க. தலைப்புல ஒரு வார்த்தையை மட்டும் பெருசா விட்டுட்டு மத்ததைச் சின்னதாக்கலாம், "பறை"ன்னு ரெண்டே எழுத்து, அதைச் சுவர் அளவுக்குப் பெருசாக்கலாம்.

இலவச ஃபான்ட்டுல ஹிந்த் மதுரை, முக்த மலர், அனெக் தமிழ், பலூ தம்பி, நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் கூகுள்ல கிடைக்குது, தேதி இடம் மாதிரி விவரத்துக்கு இதுல எதுவும் போதும். அனெக் தமிழ்ல குறுக்கலாவும் அகலமாவும் ரகம் இருக்கறதால நீளப் பேருகளை அடக்க வசதி. தலைப்புக்கு மட்டும் ஃபான்ட் வேண்டாம்னுதான் சொல்லுவேன். ஊர்ல சுவர் விளம்பரம் எழுதுற ஆர்ட்டிஸ்ட் இன்னும் ஒண்ணு ரெண்டு பேராவது இருப்பாங்க, அவங்ககிட்ட உங்க மலைக் கோட்டைக் காட்டி, இந்தச் சரிவுக்கு ஏத்த மாதிரி பட்டை பிரஷ்ல எழுதிக் குடுங்கன்னு கேளுங்க, கூலியும் ஒழுங்கா குடுங்க, முடிஞ்சா கீழ பேரையும் போடுங்க. வெள்ளைப் பேப்பர்ல கறுப்பு மையில எழுதி 600 டிபிஐல ஸ்கேன் பண்ணி ட்ரேஸ் பண்ணிக்கலாம். பிரஷ் எழுத்தோட பிசிறும் பாறையோட கறுப்பு வரியும் பக்கத்துல பக்கத்துல வரப்ப ரெண்டும் ஒரே கை போட்டதாத் தெரியும், எந்த ஃபான்ட்டுலயும் அது வராது.

போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர்ல யூனிகோட் தமிழை ஒட்டினா கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கமா பிய்ஞ்சு நிக்கும், நிறையப் பேரு இங்கதான் வெறுத்துப் போயி யூனிகோட் இல்லாத பழைய பாமினி ஃபான்ட்டுக்குத் திரும்பிடுறாங்க. போட்டோஷாப்ல பிரிஃபரன்ஸ்ல டைப்ங்கிற இடத்துல வேர்ல்ட் ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தெடுங்க, பழைய வெர்ஷன்ல அது மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்னு இருக்கும். இல்லஸ்ட்ரேட்டர்ல ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ் டிக் பண்ணிட்டு பாராகிராஃப் பேனல் மெனுவுல வேர்ல்ட் ரெடி இல்லாட்டி சவுத் ஏசியன்னு பேர் வர்ற கம்போசரை வைங்க. இங்க்ஸ்கேப்ல இந்தத் தலைவலியே இல்ல. ஏஐ கிட்ட போஸ்டர் கேட்டு வர்ற படத்துல இருக்கிற தமிழை அப்படியே பிரிண்டுக்கு அனுப்புற ஆளுங்களுக்கு நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல, எழுத்து ஒவ்வொண்ணா எழுத்துக் கூட்டிப் பாத்துட்டு அனுப்புங்க. அதே மாதிரி ஒற்றையும் பாருங்க, "இசை திருவிழா" இல்ல "இசைத் திருவிழா", "நாட்டுப்புற கலை" இல்ல "நாட்டுப்புறக் கலை". முப்பது இன்ச் தாள்ல ஒரு "த்" விட்டுப்போனா ஊர்ல இருக்கிற தமிழ் வாத்தியார் எல்லாரும் கமிட்டிக்குப் போன் போடுவாங்க.

பேரு, லோகோ, தேதி

நம்ம ஊர் போஸ்டரைக் கொல்றது இதுதான். தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரைன்னு இருபது பேரு, ஆளுக்கு ஒரு வட்ட போட்டோ. வேணாம்னு சொன்னா விழாவே நடக்காது, அதனால இடத்தை முதல்லயே ஒதுக்கிருங்க. தாளோட அடியில ஆறுல ஒரு பங்கு உயரத்துக்கு ஒரு பட்டை, அதுதான் தரை, மலையும் பனையும் அதுக்கு மேலதான் நிக்கும். பேரு எல்லாம் அந்தத் தரைக்குள்ள ஒரே சைஸ்ல, போட்டோ இல்லாம. லோகோ எல்லாத்தையும் ஒரே கலருக்கு மாத்துங்க, ஸ்பான்சர் ஒத்துக்கலைன்னா தனியா பேம்ப்லெட் அடிச்சு அதுல கலர்ல போட்டுக் குடுத்துருங்க. பெரிய போட்டோ கண்டிப்பா வேணும்னு நிக்கிறவங்களுக்கு விழா மேடை பேனர் இருக்கே.

தேதி, கிழமை, நேரம், இடம், அனுமதி இலவசம், இந்த அஞ்சும் தூரத்துல இருந்து தெரியணும். ஒரு இன்ச் உயர எழுத்து பத்தடி தூரத்துல சுகமா படிக்கலாம்ங்கிறது பொதுக் கணக்கு, சுவருக்கும் ரோட்டுக்கும் உள்ள தூரத்தைப் பாத்துக் கணக்குப் போட்டுக்கங்க. இடத்தை எழுதுறப்ப ஸ்கூல் பேரோட நிறுத்தாம எந்த பஸ் ஸ்டாப்ல இறங்கணும்னு போடுங்க. கியூஆர் கோட் வைக்கிறதா இருந்தா வெளிர் பின்னணியில கறுப்புல, நாலு சென்டிமீட்டருக்குக் குறையாம, சுத்தி கொஞ்சம் காலி விட்டு வைங்க, ஆரஞ்சு வானத்து மேல வெள்ளையில போட்டு ஸ்டைல் பண்ணினா பாதி போன்ல ஸ்கேன் ஆகாது.

அச்சுக்கு

ஆயிரத்துக்கு மேல அடிக்கிறதா இருந்தா ஆஃப்செட், மதுரையிலயே அடிக்கலாம், சிவகாசி போனா இன்னும் சல்லிசா முடியும். நூறு எரநூறுன்னா ஸ்கிரீன் பிரிண்டிங் யோசிச்சுப் பாருங்க, ஆரஞ்சும் கருநீலமும் ரெண்டே மை, ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு விழுற இடத்துல மூணாவதா ஒரு கறுப்பு தன்னால கிடைக்கும், மலைக்கு அது அருமையா இருக்கும். தாளும் வெள்ளை வெளேர்னு இல்லாம கொஞ்சம் மஞ்சளேறின தாளா எடுத்தா அதுவே சாயங்கால வெளிச்சம்.

ஃபைல் குடுக்கிறப்ப நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் பிளீட் (தாளை வெட்டுறப்ப போறதுக்காக விடுற கூடுதல் ஓரம்) விடுங்க, ஓரத்துல இருந்து அரை இன்ச்சுக்குள்ள எழுத்து எதுவும் வேண்டாம். 20க்கு 30 இன்ச்சுக்கு போட்டோ ஏதாவது சேத்திருந்தா 300 டிபிஐன்னா 6000க்கு 9000 பிக்சல் வரணும், சுவர் போஸ்டருக்கு அதுல பாதி இருந்தாலும் ஒப்பேறும். எழுத்து எல்லாத்தையும் கர்வ்ஸா (ஃபான்ட் தேவைப்படாத வரைகோடா) மாத்திட்டு பிடிஎஃப்ல குடுங்க, பிரஸ்ல பழைய கோரல்ட்ராதான் இருக்கும், உங்க ஃபான்ட் அங்க இருக்காது. சின்ன எழுத்துக் கறுப்பு வெறும் கறுப்பு மையில மட்டும் இருக்கட்டும், நாலு மையிலயும் போட்டா தாள் கொஞ்சம் நகர்ந்தாலே எழுத்துக்கு நிழல் விழுந்துரும். முழு ரன் ஓட்டுறதுக்கு முன்னாடி பிரஸ்லயே நின்னு முதல் தாளை எடுத்து வெளிய வெயில்ல வச்சுப் பாருங்க, டியூப் லைட்ல ஆரஞ்சு வேற மாதிரி தெரியும். அச்சகத்தோட பேரும் ஊரும் கீழ வந்திருக்கான்னும் பாத்துக்கங்க.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு 1080க்கு 1920, இன்ஸ்டாவுக்கு 1080க்கு 1350ன்னு தனியா பண்ணணும், போஸ்டரை அப்படியே சுருக்கிப் போட்டா பேரு எல்லாம் எறும்பாத்தான் தெரியும். அதுல தரைப் பட்டையைத் தூக்கிட்டு மலை, தலைப்பு, தேதி, இடம் மட்டும் விடுங்க.

ஒட்டுறதுக்குத் தமிழ்நாட்டுல 1959லயே பொது இடங்களை அலங்கோலப்படுத்துறதைத் தடுக்கச் சட்டம் போட்டு வச்சிருக்காங்க, அரசு சுவர், பாலம், பஸ் ஸ்டாப் மேல எல்லாம் கை வைக்காதீங்க, தனியார் சுவர்னா வீட்டுக்காரரைக் கேட்டுட்டு ஒட்டுங்க. டீக்கடை, சலூன், சைக்கிள் கடை, லைப்ரரி மாதிரி இடத்துல உள்ளயே ஒட்டக் கேட்டா பெரும்பாலும் சரின்னுதான் சொல்லுவாங்க, மழையிலயும் நனையாது. முக்கியமா யானைமலைப் பாறையில எங்கயும் ஒட்டவோ பெயின்ட்டுல எழுதவோ கூடாது, அடிவாரத்துல நரசிங்கப் பெருமாள் குடைவரைக் கோயிலும் மேல சமணர் சிற்பங்களும் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள். ஒட்டுறவங்ககிட்ட இதைத் தனியா சொல்லி அனுப்புங்க, பசை வாளியோட கிளம்பிட்டாங்கன்னா அப்புறம் போன் எடுக்க மாட்டாங்க.